காலண்டர் தாளில் ஒன்பது மாத்திரைகள்

புக்கிட் பெலண்டோக்
17.3.2024

அன்புள்ள மாதவிக்கு,

உன் நாத்தனார் தாயம்மா எழுதுவது. காதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. நீலாயில் நீயும் என் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? வேலைக்குப் போய் வருகிறாயா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போன் எனக்குக் கேட்காது. வாட்சாப்பில் அனுப்பினால் பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலையின் மகள்தான் படித்துக் காட்ட வேண்டும். அவள் படித்தால் லயத்து வீட்டு வரிசை முழுக்கப் படித்த மாதிரி. அதனால் தம்பி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டிய கவரை அவன் பிரிக்க மாட்டான். அப்படி வளர்த்திருக்கிறேன்.

போன தடவை வந்தபோது அர்ச்சுனன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துக் காட்டினான். "இங்க பாரு அக்கா, மாதவி வாங்கினது. திங்கள், செவ்வாய்னு ஏழு ரூம்பு இருக்கு. இனிமே மாத்திரைய மறக்கவே மாட்டேன் லா" என்றான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய முகம். எனக்குக் காது கேட்காதென்று மூன்று தடவை கத்திச் சொன்னான். முதல் தடவையே கேட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கரண்டியில் நசுக்கித் தேனில் குழைத்து அவன் வாயில் வைத்தது என் கை. அவனுடைய நாற்பத்தாறாவது வயதில் நீ வந்து அழைத்துப் போகும்வரை அப்படித்தான். இப்போது ஏழு அறை. அதில் ஒன்றுகூட என்னுடையதில்லை. எனக்கு வயிறு எரிகிறது, மாதவி. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆள் இளைத்துப் போயிருக்கிறான். அவன் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். நீ கவலைப்படாதே.

முருங்கைக் கீரை வைத்திருக்கிறேன். இன்றைக்கே ஆய்ந்துவிடு.

இப்படிக்கு,
தாயம்மா

*

நீலாய்
30.3.2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

மாதவியின் வணக்கம். உங்கள் கடிதமும் கீரையும் வந்தன. கீரை வரும்போதே வாடியிருந்தது, ஆனாலும் உங்கள் தம்பி ஒரு காம்பைக்கூட எறிய விடவில்லை. நான் சுகம். தொழிற்சாலையில் இந்த மாதம் இரவு வேலை இல்லை. உங்கள் காதுக்கு டாக்டரிடம் போனீர்களா?

ஜனவரியில் இங்கே அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்தபோதுதான் அவருக்கு ரத்தத்தில் சீனி கூடி இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. ஒரே வகை மாத்திரை, காலையும் மாலையும் சாப்பிட்டபின் ஒன்று. உடம்பு இறங்குவது நல்லதுதான் என்று டாக்டரே சொன்னார். அந்தப் பெட்டியின் விலை எட்டு வெள்ளிதான். உங்கள் மனம் நோகும் என்று தெரிந்திருந்தால் அதை அங்கே கொண்டுவர விட்டிருக்க மாட்டேன்.

நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள், நானும் மறைக்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அங்கே வந்துவிட்டுத் திரும்பும்போது அவர் வேறு ஆளாக வருகிறார். இரவு சாப்பாட்டைத் தொடுவதில்லை. "அக்கா கையால சாப்ட்டு வயிறு ரொம்பிடுச்சு" என்பார். நான் மூடிவைத்த குழம்பை நானே சாப்பிடுவேன். எனக்கும் வயிறு இருக்கிறது, அதுவும் எரியும்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று வாரமாகக் காலையில் அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. ஒருநாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர், முப்பது நாற்பது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே வரும்போதும் இப்படி இருக்கிறாரா? கவனித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மாதவி

*

புக்கிட் பெலண்டோக்
14.4.2024

அன்புள்ள மாதவிக்கு,

புத்தாண்டும் அதுவுமாக தம்பி தனியாக வந்து நிற்கிறான். கேட்டால் உனக்கு வேலையாம். நல்லது, வேலையைப் பார். வருஷம் உனக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

இங்கே வந்தால் அவனுக்கு வியர்க்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். நீதான் அரிசியைக் குறைத்து, சீனியைக் குறைத்து, ஆளையே குறைத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் கிளினிக் மாத்திரையை நான் நம்பவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரசர் ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை எடுத்துத் தாளில் மடிப்பார். கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொடுக்க மாட்டார். எனக்கும் பத்து வருஷமாக இனிப்புநீர். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, கண்ணுக்கே தெரியாது, காலையில் ஒன்று மாலையில் ஒன்று. என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. இன்னும் செம்பனைக் காட்டில் எண்ணெய்க்கான உதிரிப்பழம் பொறுக்கப் போகிறேன் என்றால் பார்த்துக்கொள்.

இந்த லயத்தில் யாரும் மருந்தைத் தனியாக வைத்துச் சாப்பிட்டதில்லை. பஞ்சாலை முட்டி மாத்திரை தருவாள், நான் தலைவலி மாத்திரை தருவேன். செத்தவர்கள் வீட்டு மாத்திரையைக்கூட வீணாக்க மாட்டோம். என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கத்தின் மாத்திரை இன்னும் என் டின்னில் பத்திரமாக இருக்கிறது. நீ என்னடா என்றால் ஏழு அறை கட்டிப் பூட்டி வைத்திருக்கிறாய்.

காலில் செம்பனை முள் குத்தியது ஒரு மாதமாக ஆறவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். தம்பியிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
தாயம்மா

*

நீலாய்
7.5.2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். கால் புண் எப்படி இருக்கிறது? மஞ்சளோடு விடாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

இந்தக் கடிதம் அவர் கையில் வரக்கூடாது, அதனால் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் கடிதங்கள் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சந்திரனிடம்தான் வந்து சேரும் என்று தெரியும். தயவுசெய்து சீக்கிரம் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தேன். உள்பையில் ஒரு பொட்டலம். தினமும் கிழிக்கிற காலண்டர் தாளில் மடித்திருந்தது. உள்ளே ஒன்பது மாத்திரைகள், வெள்ளை, மிகச் சின்னது. கிளினிக் கொடுத்த மாத்திரை இதைப்போல இரண்டு மடங்கு பெரியது. பெயர் இல்லை, கவர் இல்லை, எதற்கு என்று ஒரு எழுத்து இல்லை. "இது என்ன?" என்று கேட்டேன். "தெரியல லா, பஸ்ல கெடந்துச்சி" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது, காதுமடல் சிவந்துவிடும். சிவந்தது.

தூக்கி எறியத்தான் முதலில் கை போனது. குப்பையில் போட்டால் பூனை கிளறும், சாக்கடையில் போட்டால் தண்ணீரோடு எங்கே போகுமோ. எறிந்துவிட்டால் அது என்னவென்று கடைசிவரை தெரியாமலும் போய்விடும். ஆகவே தொட்டுப் பார்க்காமல், மற்ற மருந்தோடு கலக்காமல், தாளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கே எப்போது எடுத்தேன் என்று எழுதி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

அன்றிரவு எனக்கு என்னென்னவோ தோன்றியது. வேறு ஒரு பெண் கொடுத்திருப்பாளோ என்று நினைத்தேன். அண்ணி, அப்படி இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவளை நான் வாய்விட்டுத் திட்டலாம்.

காலண்டர் தாளில் ஏப்ரல் 28 என்று இருக்கிறது. அந்த ஞாயிறு அவர் உங்கள் வீட்டில் இருந்தார். அதனால்தான் கேட்கிறேன். இது என்ன மாத்திரை என்று உங்களுக்குத் தெரியுமா? நான் சண்டைக்கு வரவில்லை. பொட்டலம் கிடைத்ததற்கு முதல் நாள் பஸ்ஸை வழக்கமான சந்தில் திருப்பாமல் நேரே போய்விட்டாராம். பதினெட்டு வருஷம் ஓட்டிய வழி.

மாதவி

*

புக்கிட் பெலண்டோக்
26.5.2024

மாதவிக்கு,

சுகம். அங்கும் சுகம் என்று தம்பி சொன்னான்.

கடிதம் கிடைத்தது. நீ கேட்டதற்கு எனக்கு ஒன்றும் தெரியாது. காலண்டர் எல்லார் வீட்டிலும்தான் தொங்குகிறது. கட்டிக்கொண்டவனின் சட்டைப் பையைத் துழாவுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அந்தக் குப்பையைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வேலையைப் பார்.

மழை நன்றாகப் பெய்கிறது. இந்தத் தடவை மாங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறேன்.

அடுத்த தடவையும் தம்பியைத் தவறாமல் அனுப்பு.

தாயம்மா

*

நீலாய்
10.6.2024

அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு இன்று மனமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, ஜூன் நான்காம் தேதி, காலை வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனபோது உங்கள் தம்பி ஸ்டீரிங்கிலேயே மயங்கிவிட்டார். தொழிற்சாலைக்குப் பக்கத்து விளக்குச் சந்திப்பு. பஸ் மெதுவாக ஊர்ந்து நடுத்திட்டின் மேல் ஏறியிருக்கிறது. பின்சீட்டில் இருந்த ஒரு நேப்பாளப் பெண் ஓடிவந்து கைப்பிரேக்கை இழுத்தாள். முப்பத்தெட்டுப் பேர், அண்ணி. ஒருவருக்கும் அடியில்லை. அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது, தினமும் விளக்கேற்றும்போது அவளை நினைத்துக்கொள்கிறேன்.

சிரம்பான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தத்தில் சீனி இரண்டு புள்ளி மூன்று. அது இருக்க வேண்டியதில் பாதி. ஊசி வழியாகச் சீனித் தண்ணீர் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். "வேற என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் வீட்டுக்கு ஓடி அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தேன். மருந்துப் பிரிவில் ஒரு மலாய்ப் பெண், ஒரு மாத்திரையை இடுக்கியில் எடுத்து விளக்கடியில் பிடித்தாள். பின்பக்கம் பொடியாக எழுத்தும் எண்ணும் இருந்தன, நான் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரில் தேடிவிட்டுச் சொன்னாள்: இதுவும் இனிப்புநீர் மருந்துதான், ஆனால் வேறு வகை. சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கிக்கொண்டே போகும். இவருக்கு யாரும் இதை எழுதித் தரவில்லை. யாருடையது?

உங்கள் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "அக்கா குடுத்ததயும் சாப்ட்டேன், நீ குடுத்ததயும் சாப்ட்டேன். ரெண்டு பேரு மனசும் நோகக்கூடாதுல்ல."

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஏப்ரலில் எழுதியதில் இருக்கிறது, சின்ன வெள்ளை மாத்திரை, கண்ணுக்கே தெரியாது.

என் மேலும் தப்பு இருக்கிறது. பொட்டலத்தை ஒரு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். எடுத்த அன்றே மருந்துப் பிரிவில் கொடுத்துக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். போகாததற்குப் பயம் காரணமில்லை. உங்கள் வாயால் வரட்டும், நீங்கள் என்னிடம் தலைகுனிந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அந்த ஆசையில் அவர் தினமும் பஸ் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கையெழுத்துப் போடும்வரை அவர் வண்டி ஓட்டக்கூடாது. ஓட்டினாலும் இனிமேல் பையில் எப்போதும் இனிப்பு ஏதாவது இருக்க வேண்டுமாம். அங்கே அவர் வரமாட்டார். நான் விடமாட்டேன்.

மாதவி

*

நீலாய்
8.7.2024

அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. மன்னிப்புக் கேட்காவிட்டாலும் நாலு வரி திட்டியாவது எழுதுவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் தம்பி பஞ்சாலை மகளுக்குப் போன் பண்ணினால் "நல்லாத்தான் இருக்காங்க அண்ணே" என்று வைத்துவிடுகிறாளாம்.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் குளித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். பிறகு சட்டையை மாற்றிக்கொள்கிறார். அவரை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆறு வருஷம் ஆசைப்பட்டேன். இப்போது வைத்திருக்கிறேன். அவர் இங்கே இல்லை.

ஒரு வரி எழுதுங்கள்.

மாதவி

*

ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
28.7.2024

அன்புள்ள மாதவிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் நேற்று ஒன்றாகத்தான் என் கைக்கு வந்தன. நடந்து ஆபீசுக்குப் போய் வாங்கக் கால் இல்லை, கிராணி சந்திரன் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தானாம், பஞ்சாலை கொண்டுவந்தாள். ஐந்து வாரமாக இங்கே கிடக்கிறேன். முள் குத்திய புண் கறுத்துவிட்டது. வலது காலில் இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள். தம்பியிடம் மூச்சுவிடக்கூடாது என்று பஞ்சாலையிடமும் அவள் மகளிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், அவள் மேல் கோபப்படாதே.

தம்பி மயங்கியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு கிடந்தேன். நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான்தான் கொடுத்தேன், மாதவி. மார்ச் மாதம் அவன் அந்தப் பெட்டியைக் காட்டினானே, அன்றைக்கே தொடங்கினேன். பதினாலு மாத்திரையை எண்ணி அன்றைய காலண்டர் தாளில் மடித்துக் கொடுத்தேன். "காலையில எந்திரிச்சதும் ஒண்ணு போட்டுக்கடா, அவகிட்ட சொல்லாத" என்றேன். உன் மாத்திரையை நிறுத்திவிட்டு என்னுடையதைச் சாப்பிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் இரண்டையும் சாப்பிடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். சின்ன வயதில் நான் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் கூப்பிட்டால் நடுவில் நின்று அழுகிற பிள்ளை அவன்.

எனக்குக் கிளினிக்கில் தருவது காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. மாலை மாத்திரையை அவனுக்கு ஒதுக்கிவிட்டேன். பெரிய டாக்டர் ஒருவர் வந்து, "மருந்து சரியாகச் சாப்பிட்டிருந்தால் இந்தப் புண் இப்படி ஆகியிருக்காது" என்று சொன்னதை நர்ஸ் தாளில் எழுதிக் காட்டினாள். எதற்கு விட்டேன் என்று அவளும் கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். பொறாமை என்று நர்ஸிடம் சொல்ல முடியுமா?

மே மாதம் உன் கடிதம் வந்தபோது மூன்று தடவை படித்தேன். ஆமாம், நான்தான் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ ஜெயித்துவிடுவாய் என்று பட்டது. ஒரு பொய் எழுதி, அன்றைக்கே இன்னொரு பொட்டலமும் மடித்து, இரண்டையும் அவன் கையிலேயே கொடுத்தேன். அந்தப் பொட்டலத்தில்தான் அவன் மயங்கியிருக்கிறான்.

இனி அவனை அனுப்பாதே என்றாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது. இன்றைக்கு எப்படி இருக்கிறான் என்று மட்டும் எழுது. உன் கையெழுத்தில் வந்தால் நம்புவேன்.

தாயம்மா

*

நீலாய்
14.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

விரல் எடுத்த இடம் காய்ந்துவிட்டதா? வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நாம் பார்த்துக்கொண்டோம், ஆனால் பேசவில்லை. உங்கள் காதில் நான் கத்தினால் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து அருகிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆதலால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேலையிலிருந்து திரும்பும்போது அவர் வீட்டில் இல்லை. கடிதம் பிரித்தபடி மேசையில் கிடந்தது. என் பெயருக்கு வந்த கவர். வளர்ப்பெல்லாம் அன்றைக்குத் தோற்றுவிட்டது, அண்ணி. குளியலறைச் செருப்போடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்களிடம் ஓடியிருக்கிறார். கல்யாணமான ஆறு வருஷத்தில் எனக்காக அவர் ஒருநாளும் செருப்பை மறந்ததில்லை. உங்கள் விரல் போனதற்கு அழுதேன். அந்தச் செருப்புக்கும் சேர்த்து அழுதேன்.

நீங்கள் வார்டில் இருந்தபோது உங்கள் வீட்டைக் கூட்டப் போனேன். சாமிப் படத்துக்குக் கீழே அந்த பிஸ்கட் டின். திறந்து தரையில் துணி விரித்துக் கொட்டினேன். சிவப்பு, வெள்ளை, பச்சை, பாதி உடைந்தது, ஒன்றோடொன்று ஒட்டியது. கவர் இருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். பஞ்சாலை அக்கா எட்டிப் பார்த்து, "என் முட்டி மாத்திரைய மட்டும் எடுத்துக்கிறேன் லா" என்றார். எது என்று கேட்டேன். "மஞ்சளு" என்றார். அதில் மஞ்சளே ஐந்து வகை இருந்தது. ஐந்தையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டின்னோடு கிளினிக் மருந்துப் பிரிவில் கொடுத்துவிட்டேன். வேண்டாத மருந்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள், ஒருவரும் திட்டவில்லை. சிலதின் பெயர் கண்டுபிடித்தார்கள். பலதைப் பார்த்து அவர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். இதையெல்லாம் லயத்தில் யார் யார் எத்தனை வருஷமாக விழுங்கினீர்களோ.

கவரோடு இருந்தது அமிர்தலிங்கம் அண்ணனுடையது. 2011 என்று தேதி போட்டிருந்தது. மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். அவர் பெயர் எழுதிய வெறும் கவரை மட்டும் கேட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டியது அதுதான் என்று நினைத்தேன்.

போன வாரம் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், அவர் மறுபடி பஸ் எடுக்கிறார். முதல் சம்பளம் வரும்முன்பே போய் இன்னொரு ஏழு அறைப் பெட்டி வாங்கி வந்திருக்கிறார். நீல நிறம். உங்களுக்கு. ஏழு நாளுக்குத்தான் கொள்ளும் என்பதால் இனி ஒவ்வொரு ஞாயிறும் வந்து நிரப்பித் தருவாராம். பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு எனக்கு இருந்தது, அதுவும் போயிற்று. என் பெட்டியை, அதாவது அவருடையதை, இன்னமும் நான்தான் நிரப்புகிறேன். பொறாமையாகத்தான் இருக்கிறது. போகட்டும், வரட்டும்.

ஒரே ஒரு கட்டளை. இனி வாயில் போடுகிற எதையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். என்னவென்று எழுதி, தேதி போட்டு, என் பெயருக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
மாதவி

*

புக்கிட் பெலண்டோக்
27.10.2024

அன்புள்ள மாதவிக்கு,

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கிறது, உனக்கு நல்லபடி வரட்டும். நான் நடக்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறேனாம், பஞ்சாலை செய்து காட்டினாள், லயமே சிரித்தது. நீ சுகமா? என் வீட்டுக்காரர் பெயர் எழுதிய கவரை என் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் ஆறு வாரமாக ஞாயிறு தவறாமல் வருகிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிளினிக் கவரில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு அறையாக நிரப்புகிறார். ஒன்று கீழே விழுந்தால் எண்ணிப் பார்க்கிறார். மூடியதும் என்னைக் குலுக்கிப் பார்க்கச் சொல்கிறார். எனக்குக் கேட்பதில்லை, ஆனாலும் குலுக்குகிறேன்.

இன்றைக்குக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் சட்டைப் பையை விரித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். என் கையும் காலண்டருக்குத்தான் போனது. இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். பிறகு அவரை வெளியே போய் மோட்டாரைத் துடைக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு பொட்டலம் இருக்கிறது. இன்றைய தாளில்தான் மடித்திருக்கிறேன். மேலேயே எழுதியிருக்கிறேன், நீயும் படி: கற்கண்டு. தாயம்மா வைத்தது. 27.10.2024. மாதவிக்கு. பிரித்து, ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தை உன் கையால் அவருடைய சட்டைப் பையில் வை. பஸ்ஸில் தலை சுற்றினால் சாப்பிடட்டும்.

பதினாலு இருக்கிறது. நீ ஒன்று எடுத்தால் பதின்மூன்று. அடுத்த ஞாயிறு பையை எண்ணிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தாயம்மா